மதினி அந்த முனையில்

4 பிப்ரவரி, செவ்வாய்

ஸ்கூல் வேன் வேலை இன்றோடு முடிந்தது. பள்ளிக்கூடம் சொந்தமாக பஸ் வாங்கிவிட்டது. பஸ்ஸோடு ஒரு ஆயாவும் வந்துவிட்டாள். பிள்ளைகளை ஏற்றி, இறக்கி, தூங்கியதை எழுப்பி, வாந்தியைத் துடைத்து - எல்லாம் இனி அவள் பாடு. ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி வேன் டிரைவர் ஒரு வாட்டர் பாட்டில் கொடுத்தார். எந்தப் பிள்ளையோ விட்டுப்போனது. மூடி இல்லை.

வீட்டில் சொன்னேன். "வேற பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட்டார்.

என்ன எழுதுகிறாய் என்று மகன் ஜோஷுவா ஹிந்தியில் கேட்டான். ஹிசாப், வீட்டுக் கணக்கு என்றேன். காலேஜ் போகிறான், தமிழ் வாசிக்கத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் விளையாட்டுச் செய்தி தவிர எதையும் வாசிக்க மாட்டார். ஆகவே இந்த நோட்டு டி.வி. பக்கத்திலேயே கிடக்கிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் சாமியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். ரோட்டில் வேலை நடக்கும் இடங்களில் வண்டிகளை நிறுத்தி அனுப்புவதற்கு இலவசப் பயிற்சி. ஒரு வாரம். முடித்தால் சர்டிபிகேட்டும் வேலையும். பெண்களும் சேரலாம். வெளியே வரும்போதே பேர் கொடுத்துவிட்டேன்.

"நீ கை காட்டினா பம்பாய்ல எவன் நிப்பான்?" என்றார் அவர்.

"நிக்க மாட்டான்னுதான் டிரெயினிங் வச்சிருக்காவ போல" என்றேன்.

17 பிப்ரவரி, திங்கள்

வகுப்பு செம்பூரில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். மேடையில் யார் கல்யாணத்துப் பூச்சரமோ இன்னும் தொங்குகிறது. சொல்லிக் கொடுப்பவன் தப்ரேஸ். சின்னப் பையன்தான். சிரிக்கவே மாட்டேன் என்கிறான். ரோட்டில் செத்தவர்கள் படத்தை முதலில் காட்டினான், பிறகு டீ கொடுத்தான்.

முன்வரிசையில் சகாயராணி மதினி உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி வரிசைக்குப் போனேன்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். மதினி அவருடைய கூடப்பிறந்த அக்கா. லேபர் கேம்ப்பில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி. மகள் ஜெனிஃபர் கல்யாணத்துக்கு முன்பே மதினியின் புருஷன் சந்தியாகு அண்ணன் காலமாகிவிட்டார். பெண் வீட்டில் ஆம்பிளை என்று இருந்தது தாய்மாமனான அவர் ஒருவர்தான். பத்திரிகை வந்தது. அதில் மூன்று சாமியார்கள் இருந்தார்கள். ஒரு கவுன்சிலர் இருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா ரிட்டயர் ஆன பாங்கின் பேர்கூட இருந்தது. தாய்மாமன் பேர் இல்லை. அவர் பத்திரிகையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கவருக்குள்ளும் பார்த்தார்.

கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. ஜெனிஃபரைக் கை பிடித்துக் கோயிலுக்குள் நடத்திப் போனது சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாராம்.

அதிலிருந்து இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. எதிரே வந்தால் இரண்டு பேரும் மொபைலை எடுத்துப் பார்ப்போம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் நான் பின்பக்கம் திரும்பி யாருக்காவது சொல்லிவிடுவேன்.

தையல் கடை வேலை போய்விட்டதால் வந்திருக்கிறாள் என்று பக்கத்தில் இருந்த ஹாஃபிஸா சொன்னாள். ஹாஃபிஸா வீடு சீட்டா கேம்ப்பில். நான் கேட்காமலே இன்னும் நிறையச் சொன்னாள்.

18 பிப்ரவரி, செவ்வாய்

பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரோடு செய்தோம். பாதிப் பேர் வண்டி, பாதிப் பேர் மார்ஷல். எங்களுக்கு அதுதான் பேர், மார்ஷல். ஹாஃபிஸா பஸ். ஸ்டாப்பில் எல்லாம் நின்று நின்று வந்தாள்.

என் கையில் போர்டு. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. சிவப்பைக் காட்டினேன். மதினி லாரி. நிற்காமல் என்னைத் தாண்டிப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஏன் நிற்கவில்லை என்று தப்ரேஸ் கேட்டான்.

"பிரேக் ஃபெயில்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். தப்ரேஸ் சிரிக்கவில்லை. பிரேக் ஃபெயில் பாடம் நாளைக்குத்தான் வருகிறது என்றான்.

20 பிப்ரவரி, வியாழன்

இன்றைய பாடம்: வண்டிக்கு முதுகு காட்டக் கூடாது. துள்ளி ஒதுங்க இடம் இருக்கிற பக்கமாக நிற்க வேண்டும். டிரைவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், ஆனால் முகத்தில் கோபமும் கூடாது சிரிப்பும் கூடாது. கோபப்பட்டால் சண்டைக்கு வருவான். சிரித்தால் கெஞ்சிக்கொண்டு வருவான். கல் மாதிரி இருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு வரவில்லை. மதினிக்கும் எனக்கும் உடனே வந்துவிட்டது. எதிரெதிரே நிறுத்திப் பழகச் சொன்னான். எங்கள் இரண்டு பேரையும் வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்து, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று காட்டினான்.

21 பிப்ரவரி, வெள்ளி

பரீட்சை. எல்லாரும் பாஸ். வகுப்பில் தூங்கினவளும் பாஸ்.

3 மார்ச், திங்கள்

வேலை தொடங்கியது. செம்பூரிலிருந்து டிராம்பே போகிற வழியில், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய பெரிய சாக்கடை வேலை. ரோட்டில் பாதியைத் தோண்டியிருக்கிறார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். நடுவில் ஒரு வளைவு, உயரமான தகரத் தடுப்பு. இந்த முனையில் நிற்பவளுக்கு அந்த முனை தெரியாது.

ஆகவே வாக்கிடாக்கி. நான் என் பக்கத்து வண்டிகளை அனுப்பிவிட்டு, கடைசி வண்டி எதுவென்று சொல்ல வேண்டும்: "ஆக்ரி காடி, லால் டெம்போ." அந்தச் சிவப்பு டெம்போ வந்து சேர்ந்ததும் அந்த முனையில் நிற்பவள் "மிலா" என்று சொல்ல வேண்டும். கிடைத்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அவள் பக்கம் திறக்கலாம். வேறு பேச்சு கூடாது.

டிராம்பே முனை எனக்கு. சைட்டுக்கும் தப்ரேஸ்தான் பொறுப்பு; செம்பூர் முனைக்கு யாரென்று கேட்டேன். இரண்டு பேரும் லேபர் கேம்ப், ஒரே பஸ்ஸில் வந்து போகலாம், உங்கள் வசதிக்காகப் போட்டேன் என்றான் தப்ரேஸ். அவனுக்குத் தெரியாது. சொல்லவும் மனம் வரவில்லை.

4 மார்ச், செவ்வாய்

ஒரே பஸ்ஸில்தான் போனோம். அவள் முன்பக்கம், நான் பின்பக்கம்.

மதினியும் நானும் இரண்டு வருடத்தில் பேசாததை இன்று ஒரே நாளில் பேசியிருப்போம். ஆக்ரி காடி, ஸ்கூல் பஸ். மிலா. ஆக்ரி காடி, ஆட்டோ. மிலா.

8 மார்ச், சனி

மதினி அங்கே நிற்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ரிஃபைனரிக்கு வேலைக்குப் போகிற நேர்வழி அதுதான். இப்போது வேறு ரோட்டில் சுற்றிக்கொண்டு போகிறார். பைக்குக்குப் பெட்ரோல் ஏன் இப்படிக் குடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார்.

12 மார்ச், புதன்

வெயில். ஹெல்மெட்டுக்குள் தலை வேகிறது.

ஒரு கார்க்காரன் மதினியைத் திட்டினான். அவள் பட்டனை அழுத்தியபடி இருந்திருக்கிறாள் போல, எல்லாம் என் செட்டில் கேட்டது. வயசுக்கு மரியாதை இல்லாமல் பேசினான். அவள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. கடைசியில், "ஆக்ரி காடி, சஃபேத் கார்" என்றாள். அவன்தான்.

அந்த வெள்ளைக் கார் என் முனைக்கு வந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

"மிலா" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேனோ?

14 மார்ச், வெள்ளி

ஹோலி. லீவு.

24 மார்ச், திங்கள்

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். எழுத்து இப்படித்தான் வரும்.

அவர் சுற்றிப் போகிற ரோட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து வழியை அடைத்துவிட்டார்களாம். வேறு வழியில்லாமல் நேர்வழிக்கு வந்திருக்கிறார். மதினியின் முனையில் அப்போது சிவப்பு. வரிசையில் முதல் வண்டி அவருடைய பைக். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

என் பக்கத்திலிருந்து ஒரு டேங்கரைக் கடைசியாக விட்டேன். "ஆக்ரி காடி, டேங்கர்" என்றேன். பதிலுக்குக் காத்திருந்தேன்.

மதினியின் குரல் வந்தது. தமிழில்.

"கிளாரா, டேங்கர நிப்பாட்டு. ஸ்டெர்லினு உள்ள வாரான்."

எனக்கு முதலில் என் பேர்தான் காதில் விழுந்தது. அதற்குள் டேங்கர் கொஞ்ச தூரம் போய்விட்டது. விசிலை ஊதினேன். மூச்சு முட்ட முட்ட ஊதினேன். டேங்கரின் கிளீனர் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்து, கதவைத் தட்டினான். வளைவில் வண்டி நின்றது. நின்றதும் அந்தப் பக்கம் ஏதோ சறுக்குகிற சத்தம். பிறகு தகரம்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"தெரியுதா?" என்றாள் மதினி.

"தெரியல மதினி. டேங்கர் மறைக்கி. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியல."

எனக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. போர்டைப் போட்டுவிட்டு ஓடினால் எல்லாம் உள்ளே நுழைந்துவிடும். அவர் ரோட்டில் கிடந்தால்? அவள் பக்கமும் அப்படித்தான்.

"ஏட்டி கிளாரா, நிக்கியா?"

"நிக்கேன் மதினி."

"நானும் நிக்கேன். அங்கேருந்து அசையாத."

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒருவன் காரை விட்டு இறங்கி வந்து, அம்மா தள்ளு என்றான். நான் தள்ளவில்லை. என் முகம் எப்படி இருந்ததோ, அவன் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு தப்ரேஸின் குரல். ஹிந்தியில். "உயிரோடு இருக்கிறான். கெட்ட வார்த்தை பேசுகிறான்."

செட்டில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மதினி சொன்னாள்: "மிலா."

ஹாஃபிஸா ஓடி வந்து என் கையிலிருந்து போர்டை வாங்கினாள். விரல்களைப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். காறையெலும்பு முறிந்திருக்கிறது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. மதினி வரவில்லை. ஷிப்ட் முடியும்வரை அங்கேயே நின்றாளாம்.

சிவப்பைப் பார்த்தீங்களா இல்லையா என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"பெறவு ஏன் நிக்கல?"

"நின்னேன். நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். யாரோ எவனோன்னு பாக்க மாதிரி அவ பாத்தா, கிளாரா. கூடப்பிறந்தவன்னு ஒரு இது இல்ல. கல்லு மாதிரி. பொறுக்கல, வண்டிய எடுத்துட்டேன்."

"அப்படித்தான் பாக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். எலும்பு விடவில்லை.

26 மார்ச், புதன்

வேலைக்குப் போனேன். செம்பூர் முனையில் ஹாஃபிஸா நின்றாள். மதினியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் வந்து மதினியை விசாரித்திருக்கிறார். "போர்டு தூக்க லேட்டாயிடுச்சு. தப்பு என்னோடது" என்றாளாம். பைக்காரன் யார் என்று கேட்டதற்குத் தெரியாது என்றாளாம்.

தப்ரேஸ் என்னிடம் கேட்டான். "உங்கள் புருஷன் என்று நீங்களே ஆட்டோவில் ஏறும்போது சொன்னீர்கள். அவளும் கேட்டிருப்பாள். ஏன் தெரியாது என்றாள்?"

"அவள் அவருக்கு அக்கா" என்றேன்.

தப்ரேஸ் ரோட்டில் சாய்ந்து கிடந்த ஆரஞ்சுக் கோன் ஒன்றை நிமிர்த்தி வைத்தான். வகுப்பில் இதைச் சொல்லியிருக்கலாமே என்றான். சொல்லியிருந்தால் வேறு முனையில் போட்டிருப்பேன் என்றான். பிறகு, எந்த முனையில் போட்டாலும் இரண்டு முனைதானே என்று அவனே சொல்லிக்கொண்டான்.

எனக்குப் புரிந்துவிட்டது. சந்தியாகு அண்ணனும் அதே ரிஃபைனரியில் காண்டிராக்ட் வேலை பார்த்தவர்தான். ரோட்டில் விதியை மீறி விபத்து என்று எழுத்தில் வந்தால், உள்ளே விடுகிற கேட்பாஸைப் பிடுங்கிவிடுவார்கள், வேலை போய்விடும் என்று மதினிக்குத் தெரியும்.

இரண்டாவது தடவையாக அவள் அவருடைய பேரை விட்டிருக்கிறாள்.

27 மார்ச், வியாழன்

மதினி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் அவளே, "கதவு தெறந்துதான் கெடக்கு" என்றாள்.

சுவரில் ஜெனிஃபரின் கல்யாணப் படம். நான் இப்போதுதான் பார்க்கிறேன். நல்ல சேலை. ஜெனிஃபர் கோபர்கைரனேயில் இருக்கிறாள், மாசமாக இருக்கிறாள் என்றாள். அதுவும் எனக்குத் தெரியாது.

டீ போட்டாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. வலது கையா இடது கையா என்று மட்டும் கேட்டாள். இடது என்றேன். "சாப்பிடலாம் அப்ப" என்றாள்.

"ஏன் மதினி பழிய நீங்க ஏத்துக்கிட்டிய? போர்டு தூக்கித்தான இருந்துச்சு?"

"தூக்கித்தான் இருந்துச்சு."

"பெறவு?"

"எனக்கு வேற வேல கெடைக்கும். அவனுக்கு இந்த வயசுல எவன் குடுப்பான்?"

டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு அவளாகவே பேசினாள். "கல்யாணக் கார்டுல பேர விட்டதும் நாந்தான் கிளாரா. பிரஸ்காரன் இல்ல. மாப்ள வீட்டுல எடம் பத்தலன்னாவ. யாரையாவது எடுக்கணும்னாவ. சாமியார எடுத்தா அவிய கோவிச்சுக்கிடுவாவ. கவுன்சிலர் கோவிச்சுக்கிடுவாரு. நம்ம ஸ்டெர்லின்தான, சொன்னா புரிஞ்சுக்கிடுவான்னு நெனச்சேன்."

"சொன்னியளா?"

"கல்யாண அலைச்சல். சொல்ல மறந்துட்டேன்."

டீயைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். அதையும் நான் சொல்லவில்லை.

29 மார்ச், சனி

அவரிடம் சொல்லிவிட்டேன். கேட்பாஸ், மதினி சொன்னது, அவள் வேலை போனது - எல்லாம். கார்டு விஷயத்தையும் சொன்னேன். அவள் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவர் டி.வி.யை அணைத்தார். பிறகு மறுபடி போட்டார். கிரிக்கெட் ஓடியது. எந்த டீம் ஜெயித்தது என்று ஜோஷுவா வந்து கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை.

31 மார்ச், திங்கள்

பேசவில்லை. சாப்பாடு மட்டும்.

போகட்டும் என்று விட முடியவில்லை. காலையில் கிளம்பும்போது சொன்னேன்: "நீங்க ஆபீசர்ட்ட சொல்லாட்டா நான் போய்ச் சொல்லுவேன். கேட்பாஸ் போனா போவட்டும்." சொன்ன பிறகு பயமாக இருந்தது. போனால் நிஜமாகவே என்ன செய்வோம்?

1 ஏப்ரல், செவ்வாய்

மத்தியானம் சைட்டுக்கு வந்துவிட்டார். கையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு, பஸ்ஸில். சட்டையை ஒரு கைக்கு மட்டும் மாட்டி, மறுபக்கத்தைத் தோளில் போட்டிருந்தார். என்னிடம் வரவில்லை. தகரக் கொட்டகைக்குள், சேஃப்டி ஆபீசர் இருந்த இடத்துக்கு நேரே போனார். நான் போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போய்க் கேட்க முடியவில்லை. உள்ளே நடந்ததைத் தப்ரேஸ்தான் சொன்னான்.

"என் பேர் ஸ்டெர்லின்" என்றாராம். "போர்டு தூக்கித்தான் இருந்தது. நான்தான் நிற்கவில்லை. என் பேரைப் போடுங்கள்."

ஆபீசர், இது எழுத்தில் போனால் உனக்குத்தான் கஷ்டம், யோசித்துச் சொல் என்றிருக்கிறார். இவர் பேரின் ஸ்பெல்லிங்கை மட்டும் சரியாக எழுதச் சொன்னாராம். எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துப் பார்த்தாராம்.

கார்க்காரர்கள் எல்லாம் இன்று ஏனோ அமைதியாக நின்றார்கள். அல்லது எனக்கு ஹாரன் கேட்கவில்லை.

7 ஏப்ரல், திங்கள்

மதினி திரும்ப வந்தாள். பஸ்ஸில் நான் ஏறியபோது பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எடுத்தாள்.

16 ஏப்ரல், புதன்

ரிஃபைனரியிலிருந்து பதில் வந்தது. கேட்பாஸ் போகவில்லை. தானாக வந்து ஒப்புக்கொண்டதால் கை சரியாகும்வரை சஸ்பென்ஷன், அதற்குள் ரோட்டுப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும். செம்பூரில் புது பேட்ச் நடக்கிறது. தப்ரேஸ் சேர்த்துக்கொண்டான்.

முதல் நாளே டேங்கராக நிற்க வைத்தார்களாம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அந்தப் பொம்பளப்பிள்ள போர்டக் காட்டுச்சு. நின்னேன்" என்றார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அக்காவும் தம்பியும் இன்னும் பேசவில்லை. அவள் மீன் குழம்பு கொடுத்துவிடுகிறாள். அவர் சாப்பிடுகிறார். பாத்திரத்தை நான் கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

24 ஏப்ரல், வியாழன்

தப்ரேஸ் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு எச்சரித்தான். வாக்கிடாக்கியில் வேலைப் பேச்சு மட்டும்தான் இருக்க வேண்டும். ஜெனிஃபருக்கு மாங்காய் பிடிக்கிறதா புளி பிடிக்கிறதா என்பது மற்ற முனைகளுக்கு எல்லாம் கேட்கிறது. ஹாஃபிஸாவும் நடுவில் வந்து யோசனை சொல்கிறாள்.

மதினி கல் மாதிரி நின்று கேட்டுக்கொண்டாள். நானும்.

5 மே, திங்கள்

அவருக்குக் கடைசி எக்ஸ்ரே. நான் லீவு போட்டேன். தொட்டிலை இன்று எடுத்துவிடுவார்கள். பஸ் ஸ்டாப்புக்குப் போனால் மதினி நின்றுகொண்டிருந்தாள். அவளும் லீவு போட்டதை என்னிடம் சொல்லவில்லை. "தனியா கூட்டிட்டுப் போவியோன்னு வந்தேன்" என்றாள், என்னைப் பார்த்து. அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம். மூன்று பேருக்கும் சேர்ந்து இடம் கிடைக்கவில்லை. ஒரு சீட்டில் அவரும் மதினியும் உட்கார வேண்டியதாயிற்று. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

சிக்னலுக்கு முன்னால் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். பஸ் முழுக்க முன்னால் சாய்ந்தது. மதினியின் கை அதற்கு முன்பே அவர் நெஞ்சுக்குக் குறுக்கே போய்விட்டது. அவரைப் பார்த்துச் செய்யவில்லை, ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் மறுபடி நகர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவரும் தள்ளவில்லை.

கண்டக்டர் வந்தான்.

"அக்கா, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று அவர் மதினியிடம் கேட்டார்.

"மூணும் எடுத்தாச்சு" என்றாள்.